ஊர் தெரியட்டும், கதவு எண் வேண்டாம்: அமெரிக்க அரசு ஊழியர்களின் வீட்டு முகவரியும் பொதுப் பதிவுச் சட்டங்களும்

அமெரிக்காவில் ஒரு கவுண்டி (மாநிலத்துக்குள் மாவட்டம் மாதிரியான பிரிவு) அலுவலகத்துக்குத் தகவல் கோரிக்கை ஒன்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கட்டட ஆய்வாளர் ஒருவர் சென்ற ஆண்டு வாங்கிய பயணப்படிக்கான கணக்கு முழுவதும் வேண்டும் என்கிறது அது. நியாயமான கோரிக்கைதான். வரிப்பணம் எப்படிச் செலவானது என்று கேட்க யாருக்கும் உரிமை உண்டு. பதிவு அலுவலர் கோப்பை எடுக்கிறார். முதல் பக்கத்தின் தலைப்பிலேயே ஊழியரின் பெயர், ஊழியர் எண், வீட்டு முகவரி மூன்றும் இருக்கின்றன. முகவரியின் மேல் கறுப்புப் பட்டை போட்டு மறைத்துவிட்டுக் கோப்பை அனுப்பிவிடுகிறார்.

அடுத்தடுத்த பக்கங்களில் வண்டி ஓடிய கணக்கு இருக்கிறது: தேதி, புறப்பட்ட இடம், சேர்ந்த இடம், மைல். அலுவலகத்துக்குப் போகாமல் வீட்டிலிருந்தே நேராக ஆய்வுக்குக் கிளம்பிய நாள்களில் ‘புறப்பட்ட இடம்’ என்ற கட்டத்தில் வீட்டு முகவரி கதவு எண்ணோடு நிற்கிறது. அப்படி எத்தனை நாளோ, அத்தனை முறை.

முகவரியை மறைக்கும் வேலை எங்கே தவறுகிறது என்பதை இந்த ஒரு கோப்பே காட்டிவிடும். முகவரியை வெளியிடாமலிருக்கச் சட்டத்தில் விலக்கு உண்டா என்று பார்ப்பது வேலையில் பாதிதான். ஒரு முகவரி எத்தனை அலுவலகங்களில், எத்தனை கோப்புகளில் எழுதப்பட்டிருக்கிறது, ஒவ்வொன்றையும் மறைக்கச் சொல்லி யார் யாரிடம் கேட்க வேண்டும் என்பது மீதிப் பாதி. பெரும்பாலான ஊழியர்கள் கோட்டைவிடுவது இந்த மீதிப் பாதியில்தான்.

ஒரே கேள்வி, நான்கு விதமான பதில்

அமெரிக்காவில் இதற்கென்று நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் கிடையாது. கூட்டாட்சி அரசின் ஊழியர்களுக்கு 1966இல் இயற்றிய தகவல் சுதந்திரச் சட்டம் பொருந்தும். மாநில அரசு, கவுண்டி, நகராட்சி, பள்ளி மாவட்டம் ஆகியவற்றின் ஊழியர்களுக்கு அந்தந்த மாநிலத்தின் பொதுப் பதிவுச் சட்டம். மாநிலத்துக்கு மாநிலம் சொற்கள் மாறும், தர்க்கமும் மாறும்.

கூட்டாட்சி ஊழியர்கள் விஷயத்தில் கேள்வி 1994 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது. தங்கள் பேரம் பேசும் பிரிவில், அதாவது நிர்வாகத்தோடு சங்கம் யாருக்காகப் பேசுகிறதோ அந்தக் குழுவில், உள்ள எல்லா ஊழியர்களின் வீட்டு முகவரியும் வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் கேட்டன. பாதுகாப்புத் துறை மறுத்தது. உச்ச நீதிமன்றம் துறையின் பக்கம் நின்றது. தகவல் சுதந்திரச் சட்டம் காக்கும் பொது நலன் ஒன்றே ஒன்று, அரசு எப்படி வேலை செய்கிறது என்று மக்கள் தெரிந்துகொள்வது. ஊழியர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்பது அதைப் பற்றி எதையும் சொல்வதில்லை என்றது நீதிமன்றம். முகவரிதான் தொலைபேசிப் புத்தகத்திலும் வாக்காளர் பட்டியலிலும் கிடைக்கிறதே என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. வேறெங்கோ கிடைக்கிறது என்பதற்காக வீட்டின் தனிமை இல்லாமல் போய்விடாது. அதே நேரத்தில் கூட்டாட்சி ஊழியரின் பெயர், பதவி, ஊதிய நிலை, ஆண்டுச் சம்பளம், பணியிடம் எல்லாம் திறந்தே இருக்கின்றன. வீட்டை மூடி அலுவலகத்தைத் திறந்துவைக்கும் இந்தப் பிரிப்பு சரியானது. மாநிலங்களும் இதைத்தான் அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

ஒஹாயோ உச்ச நீதிமன்றம் 2005இல் வேறு வழியில் போனது. நாளிதழ் ஒன்று மாநில ஊழியர்களின் வீட்டு முகவரிகளைக் கேட்டிருந்தது. விலக்கு உண்டா என்ற கேள்விக்கே நீதிமன்றம் போகவில்லை. அந்த மாநிலச் சட்டத்தில் ‘பதிவு’ என்றால் அரசு அலுவலகத்தின் அமைப்பையும் செயலையும் முடிவையும் காட்டும் ஆவணம். ஊழியரின் வீட்டு முகவரி நிர்வாக வசதிக்காக வாங்கி வைத்துக்கொள்வது. அது பொதுவாகப் ‘பதிவு’ என்ற சொல்லுக்குள்ளேயே வராது என்று தீர்ப்பளித்தது. இந்த வழியில் ஊழியர் யாரிடமும் போய் மனுப் போட வேண்டியதில்லை.

பென்சில்வேனியாவின் அனுபவம் கொஞ்சம் நீளம். சட்டம் எழுதுகிறவர்கள் எல்லாரும் படிக்க வேண்டியது. 2009 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த அங்குள்ள தகவல் உரிமைச் சட்டம், அரசிடம் உள்ள ஆவணம் எதுவானாலும் பொதுவானது என்று எடுத்துக்கொள்ளச் சொன்னது. பிறகு விலக்குகளைப் பட்டியலிட்டது. அந்தப் பட்டியலில் வீட்டு முகவரி பற்றிய வரி காவல்துறையினரையும் நீதிபதிகளையும் மட்டும் குறிப்பிட்டது. இரண்டு பிரிவைச் சொல்லிவிட்டு மற்றவர்களைச் சொல்லாமல் விட்டால், மற்றவர்களுக்கு விலக்கு இல்லை என்றுதான் படிப்பவர் பொருள் கொள்வார். அப்படியே நடந்தது. பள்ளி ஆசிரியர்களின் வீட்டு முகவரிகளைக் கேட்டுக் கோரிக்கைகள் வந்தன. கோரிக்கை பள்ளி மாவட்டத்துக்குத்தான் வரும். ஆசிரியருக்குத் தெரிவிக்க வேண்டும், அவர் மறுப்புச் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்ற ஏற்பாடு எதுவும் சட்டத்தில் இல்லை. தன் வீட்டு விலாசம் கைமாறியதே ஆசிரியருக்குத் தெரியாமல் போகலாம்.

ஆசிரியர் சங்கம் 2009இல் நீதிமன்றத்துக்குப் போனது. இறுதித் தீர்ப்பு 2016 அக்டோபரில்தான் வந்தது. மாநில அரசியலமைப்பின் முதல் பகுதி முதல் பிரிவிலேயே தன் சொந்தத் தகவல் மீதான தனியுரிமை அடங்கியிருக்கிறது. அந்த உரிமையையும் வெளியிடுவதால் வரும் பொது நலனையும் தராசில் வைத்துப் பார்க்காமல் முகவரியைக் கொடுக்கக் கூடாது என்று மாநில உச்ச நீதிமன்றம் சொன்னது. ஒரு பட்டியலில் இரண்டு தொழில்களை மட்டும் எழுதியதால் வந்த வழக்கு ஏழு ஆண்டுகள் நடந்தது.

டெக்சஸ் முறை இதற்கு நேர் எதிர். அங்கே முடிவு ஊழியரின் கையில் இருக்கிறது, ஒரு கெடுவோடு. அரசு வேலையில் சேர்ந்த 14 நாளுக்குள் வீட்டு முகவரி, வீட்டுத் தொலைபேசி, அவசரத் தொடர்பு விவரம், சமூகப் பாதுகாப்பு எண், குடும்பத்தினர் பற்றிய தகவல் ஆகியவற்றைத் திறந்துவைக்கவா மூடிவைக்கவா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காவிட்டால் திறந்ததாகக் கணக்கு. பிற்பாடு எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அந்த மாற்றம் ஏற்கெனவே வந்துவிட்ட கோரிக்கையைத் தடுக்காது. கோரிக்கை அலுவலகத்துக்கு வந்த நாளில் படிவம் எப்படி இருந்தது என்பதுதான் பேச்சு. திங்கட்கிழமை கோரிக்கை வந்து செவ்வாய்க்கிழமை ஊழியர் படிவம் கொடுத்தால் அது அடுத்த கோரிக்கைக்குத்தான் உதவும்.

அந்தப் படிவம் புது ஊழியரின் கைக்கு எப்படி வருகிறது என்று யோசித்துப் பாருங்கள். வரிப் படிவம், காப்பீட்டுப் படிவம், ஓய்வூதியப் படிவம், வங்கிக் கணக்குப் படிவம், இவற்றுக்கு நடுவில் ஒரு தாள். ‘திறந்துவைக்கவா’ என்ற கட்டம் எதைப் பற்றியது என்று விளக்க யாரும் இல்லாவிட்டால் அது நிரப்பப்படாமல் போகும். டெக்சஸ் அலுவலகம் ஒன்றின் மனிதவளப் பிரிவு செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியம், அந்தத் தாளை மற்றப் படிவங்களிலிருந்து பிரித்து முதல் நாளே கையெழுத்து வாங்கி, ஊழியரின் மின்கோப்பில் பளிச்சென்று தெரியும் குறியாகப் பதிந்துவைப்பது. குறி இருந்தால் பதிவு அலுவலரின் வேலையும் சுலபம். டெக்சஸில் ஒரு தகவலை மறுக்க வேண்டுமானால் பொதுவாக அரசுத் தலைமை வழக்கறிஞரின் முடிவைக் கேட்டாக வேண்டும். இந்தப் படிவம் கொடுத்தவரின் முகவரிக்கு அது தேவையில்லை, அலுவலகமே மறைத்துக் கொடுத்துவிடலாம்.

தொழில் பட்டியல் வளர்வது ஏன்

ஃப்ளோரிடாவின் சட்டம் தொழில்வாரியாக விலக்கு தருகிறது. காவலர், தீயணைப்பு வீரர், நீதிபதி, அரசு வழக்கறிஞர் என்று தொடங்கிய பட்டியல் குழந்தைகள் பாதுகாப்புப் புலனாய்வாளர், விதிமீறல் ஆய்வாளர், உள்ளாட்சிகளின் மனிதவள மேலாளர் என்று நீண்டுகொண்டே வந்திருக்கிறது. மனிதவள மேலாளர் எதற்கு என்று கேட்கலாம். வேலையிலிருந்து நீக்கும் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் அவர். அபாயம் துப்பாக்கி ஏந்தும் வேலைக்கு மட்டும் உரியது என்ற எண்ணம் இந்தப் பட்டியலைப் பார்த்தாலே கலைந்துவிடும்.

2020 தேர்தலுக்குப் பிறகு வாக்கு எண்ணும் ஊழியர்களின் வீட்டு வாசலுக்கே மிரட்டல் வந்தது. 2022இல் கொலராடோ, கலிஃபோர்னியா இரண்டும் தேர்தல் பணியாளர்களுக்குத் தனிப் பாதுகாப்பு ஏற்படுத்தின. கலிஃபோர்னியா அதற்குப் புதிய ஏற்பாடு எதையும் உருவாக்கவில்லை. குடும்ப வன்முறையிலிருந்து தப்பியவர்களுக்காக 1999 முதல் நடக்கும் மாற்று முகவரித் திட்டத்தின் கதவை இவர்களுக்கும் திறந்துவிட்டது. அந்தத் திட்டத்தில் சேர்ந்தவருக்கு மாநில அரசு ஓர் அஞ்சல் பெட்டி எண் தரும். அரசு அலுவலகங்கள் அதையே முகவரியாக ஏற்க வேண்டும். இந்த யோசனையை 1991இல் முதலில் நடைமுறைப்படுத்தியது வாஷிங்டன் மாநிலம்.

மாற்று முகவரியின் பலம், உண்மையான முகவரி கோப்பில் ஏறுவதே இல்லை என்பது. ஏறாததை மறைக்க வேண்டியதில்லை. அதன் பலவீனமும் அங்கேயே இருக்கிறது: திட்டத்தில் சேரும் முன் எழுதப்பட்ட எந்தக் கோப்பையும் அது தானாகத் திருத்தாது. அதனால்தான் இந்தத் திட்டங்கள் புது வீட்டுக்குக் குடிபோகும் நேரத்தில் சேர்ந்தவருக்கு அதிகம் உதவுகின்றன, அதே வீட்டில் பத்து வருடம் இருந்தவருக்குக் குறைவாக.

என் பார்வையில் தொழில்வாரிப் பட்டியல் தவறான தொடக்கம். வீட்டு முகவரி எந்த ஊழியருக்கும் விலக்கு என்று வாஷிங்டன் மாநிலச் சட்டம் போல ஒரே வரியில் எழுதிவிடுவதே நல்லது. எந்த எழுத்தர் எந்த நாளில் யாருடைய கோபத்துக்கு ஆளாவார் என்று சட்டமன்றம் முன்கூட்டி அறிய முடியாது. அந்த வரி இருந்தும் வாஷிங்டனில் ஓர் ஓட்டை இருந்தது: பிறந்த தேதி. பெயரும் பிறந்த தேதியும் சேர்ந்தால் இணையத்தில் முகவரியைக் கண்டுபிடிப்பது எளிது என்று ஊழியர் சங்கங்கள் வாதாடின. 2019இல் மாநில உச்ச நீதிமன்றம் பிறந்த தேதிக்கு விலக்கு இல்லை என்றது. அடுத்த ஆண்டே சட்டமன்றம் சட்டத்தைத் திருத்தியது. முகவரியைக் காக்க முகவரியை மட்டும் காத்தால் போதாது என்பதை அந்த மாநிலம் இப்படித்தான் கற்றது.

கறுப்புப் பட்டை எங்கே நழுவுகிறது

பணிக்கோப்பில் முகவரி இருக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். தெரியாத இடங்கள்தான் ஆபத்து. வேலை விண்ணப்பத்தோடு வைத்த தன்விவரக் குறிப்பு, பணியிட விபத்து அறிக்கை, மருத்துவ விடுப்புக் கடிதத்தின் உறை, வீட்டுக்குக் கூரியரில் அனுப்பிய மடிக்கணினிக்கான ரசீது, அலுவலக வண்டியை இரவு எங்கே நிறுத்துகிறார் என்ற பதிவேடு, சொத்து விவர அறிக்கை, பயணப்படி. காவல் நிலையத்தில் எடுத்த காணொளியில் காவலர் தன் முகவரியை வாய்விட்டுச் சொல்வதும் உண்டு. எழுத்தைத் தேடும் மென்பொருள் அதைப் பிடிக்காது.

தேடும் விதத்திலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முழு முகவரியைத் தட்டச்சு செய்து தேடினால் பாதிதான் கிடைக்கும். தெருப் பெயரை ஒருவர் முழுசாக எழுதுவார், இன்னொருவர் சுருக்குவார், மூன்றாமவர் திசையைக் குறிக்கும் எழுத்தை விட்டுவிடுவார். கதவு எண்ணை மட்டும் தனியாகவும், ஐந்து இலக்க அஞ்சல் குறியீட்டை மட்டும் தனியாகவும், தெருப் பெயரின் முதல் சொல்லை மட்டும் தனியாகவும் என மூன்று முறை தேட வேண்டும். கையால் எழுதி ஸ்கேன் செய்த பக்கங்களில் தேடல் வேலையே செய்யாது. கண்ணால்தான் பார்க்க வேண்டும். பயணப்படித் தாள்கள் பல இடங்களில் இன்னும் கையெழுத்துதான்.

அடுத்தது மறைக்கும் முறை. பிடிஎஃப் பக்கத்தின் மேல் கறுப்புச் செவ்வகம் வரைவது மறைப்பு ஆகாது. செவ்வகம் மேலே ஒட்டிய தாள் மாதிரி, எழுத்து அடியில் அப்படியே இருக்கிறது. சுட்டியால் தேர்ந்தெடுத்து நகலெடுத்து வேறு பக்கத்தில் ஒட்டினால் வந்துவிடும். எழுத்தையே அழிக்கும் கருவி மென்பொருளில் தனியாக இருக்கும். அதைத்தான் பயன்படுத்த வேண்டும். அனுப்பும் முன் ஒரு சோதனை: கோப்பு முழுவதையும் தேர்ந்தெடுத்து நகலெடுத்து வெறும் எழுத்துக் கோப்பில் ஒட்டி, அதில் கதவு எண்ணைத் தேடுங்கள். இரண்டு நிமிட வேலை.

எக்செல் தாள் அதைவிட மோசம். முகவரி நெடுவரிசையை ஒளித்துவைத்தால் பெறுபவர் ஒரே சொடுக்கில் திறந்துவிடுவார். நெடுவரிசையை நீக்கினாலும் வேறொரு தாளில் சுருக்க அட்டவணை (பிவட் டேபிள்) இருந்தால் அதற்குள் மூலத் தரவின் நகல் தங்கியிருக்கும். பாதுகாப்பான வழி, இருப்பதிலிருந்து நீக்குவதை விட்டுவிட்டு, கேட்ட நெடுவரிசைகளை மட்டும் புதிய கோப்பில் மதிப்புகளாக ஒட்டிக் கொடுப்பது. பெயர், பதவி, சம்பளம், பணியில் சேர்ந்த தேதி. கேட்டது அவ்வளவுதான் என்றால் கொடுப்பதும் அவ்வளவுதான்.

அளவுக்கு மீறி மறைப்பதும் தவறுதான், அதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. முகவரியைக் காக்கிறோம் என்ற பெயரில் பெயரையும் ஊரையும் மைல் கணக்கையும் சேர்த்து அழித்துவிட்டால், பயணப்படியில் ஏமாற்று நடந்ததா என்று யாராலும் பார்க்க முடியாது. தொடக்கத்தில் சொன்ன கட்டட ஆய்வாளரின் தாளில் ‘புறப்பட்ட இடம்’ என்ற கட்டத்தில் தெருவையும் எண்ணையும் மட்டும் அழித்து, ஊர்ப் பெயரையும் மைலையும் விட்டுவிட வேண்டும். எந்தச் சட்டப் பிரிவின்படி அழித்தோம் என்று பக்கத்திலேயே குறிக்க வேண்டும்.

நிலப் பதிவேடு என்ற பெரிய ஓட்டை

வேலை தரும் அலுவலகம் எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். சொந்த வீடு வாங்கிய ஊழியரின் பெயரைக் கவுண்டியின் சொத்து மதிப்பீட்டுத் தளத்தில் தட்டினால் முகவரி, வீட்டின் பரப்பு, சில இடங்களில் வாசல் புகைப்படமும் வரும். வாக்காளர் பதிவு இன்னொரு வாசல். கூட்டாட்சித் தேர்தல் வேட்பாளருக்கு 200 டாலருக்கு மேல் நன்கொடை கொடுத்தால் பெயர், அஞ்சல் முகவரி, தொழில், வேலை தருபவர் எல்லாம் அறிக்கையில் ஏறும். சட்டம் கேட்பது அஞ்சல் முகவரியைத்தான் என்பதால் அங்கே அஞ்சல் பெட்டி எண்ணைக் கொடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. வாகனப் பதிவு ஒன்றுதான் ஓரளவு பூட்டிய கதவு. நடிகை ரெபெக்கா ஷேஃபர் 1989இல் லாஸ் ஏஞ்சலஸில் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளிக்கு அவருடைய முகவரி கலிஃபோர்னியா வாகனத் துறைப் பதிவிலிருந்து ஒரு தனியார் துப்பறிவாளர் வழியாகக் கிடைத்திருந்தது. அதன் பின் 1994இல் வந்த கூட்டாட்சிச் சட்டம் வாகனத் துறைப் பதிவுகளை மாநிலங்கள் விருப்பம்போல் கொடுப்பதைத் தடுத்தது.

நிலப் பதிவேட்டுக்கு அப்படி ஒரு கூட்டாட்சிப் பூட்டு இல்லை. மாநிலங்களில் பெரிய மாற்றம் வந்தது நியூ ஜெர்சியில். 2020 ஜூலை 19 அன்று, நார்த் பிரன்ஸ்விக்கில் கூட்டாட்சி நீதிபதி எஸ்தர் சாலஸின் வீட்டுக்குக் கூரியர் ஊழியர் வேடத்தில் வந்த வழக்கறிஞர் ஒருவர் அவருடைய 20 வயது மகன் டேனியலைச் சுட்டுக் கொன்றார். கணவர் மார்க் படுகாயமடைந்தார். வந்தவர் நீதிபதியின் முன் வழக்கு நடத்தியவர். அவரைப் பற்றிய விவரங்களைத் தொகுத்தே வைத்திருந்தார். அதே ஆண்டு நவம்பரில் ‘டேனியல் சட்டம்’ கையெழுத்தானது. நீதிபதி, அரசு வழக்கறிஞர், காவலர் ஆகியோரின் முகவரியை அரசு அலுவலகங்கள் வெளியிடக் கூடாது. தனியார் நிறுவனங்களும் அறிவிப்பு கிடைத்த 10 வேலை நாளுக்குள் அகற்ற வேண்டும். 2022 டிசம்பரில் கூட்டாட்சி நீதிபதிகளுக்கும் டேனியலின் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. அதில் கெடு 72 மணி நேரம்.

சட்டம் எழுதுவது வேகமாக முடிந்தது. பதிவேட்டில் நிறைவேற்றுவதுதான் கடினம். நிலப் பதிவேட்டில் பெயரை அழித்துவிட்டால் வில்லங்கம் பார்ப்பது எப்படி? வீடு வாங்குகிறவரின் வழக்கறிஞர் விற்பவரின் பெயரை வைத்துத்தான் அடமானம், வரிப் பாக்கி, நீதிமன்றத் தீர்ப்பு எல்லாவற்றையும் தேடுகிறார். பெயர் இல்லையென்றால் அந்தக் காவலரின் வீடு விற்காது, மறுகடன் கிடைக்காது. காக்க வந்த சட்டமே அவரைக் கட்டிப்போட்டுவிடும். நியூ ஜெர்சி 2022 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தி இதற்கென்றே தகவல் தனியுரிமை அலுவலகம் ஒன்றை அமைத்தது; பாதுகாப்பு வேண்டுகிறவர் அதன் தளத்தில் பதிந்துகொண்டால் அரசு அலுவலகங்களுக்கு அங்கிருந்து செய்தி போகும். வில்லங்கம் பார்ப்பது போன்ற தேவைகளுக்கு வழியும் விடப்பட்டது. மாநில அளவிலான நிலத்துண்டு வரைபடத் தரவில் உரிமையாளர் பெயரே எடுக்கப்பட்டுவிட்டது.

எல்லார் பெயரையும் எடுப்பது மிகையாகத் தோன்றலாம். ஆனால் சிலர் பெயரை மட்டும் எடுப்பதில் ஒரு விபரீதம் இருக்கிறது. ஒரு தெருவில் முப்பது வீடு, இருபத்தொன்பதில் உரிமையாளர் பெயர் இருக்கிறது, ஒன்றில் மட்டும் ‘ரகசியம்’ என்று இருக்கிறது. அந்த ஒரு வீட்டில் யார் இருக்கிறார் என்று யூகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. பெயரை வைத்துத் தேடும் வசதியை எல்லாருக்கும் நிறுத்திவிட்டு, முகவரியை வைத்துத் தேடுவதை மட்டும் இணையத்தில் விட்டுவைப்பது நடுவழி. வரி மதிப்பீடு நியாயமா என்று பக்கத்து வீட்டுக்காரர் பார்க்கலாம். ஒருவரின் பெயரிலிருந்து அவர் வாசலுக்கு வர முடியாது.

‘முகவரி’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதையும் சட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். ஃப்ளோரிடா அதைச் செய்திருக்கிறது. அங்கே வீட்டு முகவரி என்றால் தெரு, எண் மட்டுமல்ல. அஞ்சல் முகவரி, நம் ஊர் சர்வே எண் மாதிரியான நிலத்துண்டு எண், பத்திரத்தில் வரும் எல்லை விவரம், குடியிருப்பின் பெயரும் மனை எண்ணும், ஜிபிஎஸ் ஆயத்தொலைவு எல்லாம் அதில் அடக்கம். கதவு எண்ணை அழித்துவிட்டு நிலத்துண்டு எண்ணை விட்டுவைத்தால், அதை வரைபடத்தில் தட்டிய உடனே வீடு வந்துவிடும் என்பதைப் பார்த்து எழுதிய வரையறை இது. ஃப்ளோரிடாவில் ஊழியர், பாதுகாப்பு தனக்கு எந்தப் பிரிவில் பொருந்தும் என்று சொல்லி, நோட்டரி முன் உறுதிமொழியோடு எழுதிக் கொடுக்க வேண்டும். வேலை தரும் துறையைத் தவிர, முகவரியை வைத்திருக்கும் ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தனித்தனியாக. வேலை தரும் துறைக்குத் தெரிந்திருப்பது சொத்து மதிப்பீட்டு அலுவலகத்துக்குத் தெரியாது. அவர்களுக்குக் கொடுத்தது நீதிமன்ற எழுத்தருக்குத் தெரியாது.

ஏற்கெனவே வெளியே போனதை அடக்குவது

அரசு தன் அலமாரியைப் பூட்டுவது ஒன்று, தனி மனிதரின் வாயைப் பூட்டுவது இன்னொன்று. முன்னதற்கு நீதிமன்றங்கள் பெரும்பாலும் இடம் கொடுத்திருக்கின்றன. பின்னதில் சட்டங்கள் திரும்பத் திரும்பத் தோற்றிருக்கின்றன. காவலரின் முகவரியைத் தீய நோக்கத்தோடு வெளியிடக் கூடாது என்ற வாஷிங்டன் சட்டம் 2003இல் விழுந்தது. ஃப்ளோரிடாவின் அதே மாதிரிச் சட்டம் 2010இல் விழுந்தது. துப்பாக்கிச் சட்டங்களுக்கு வாக்களித்த கலிஃபோர்னியாச் சட்டமன்ற உறுப்பினர்களின் முகவரிகளை ஒருவர் இணையத்தில் போட்டபோது அவற்றை எடுக்கச் சொன்ன சட்டப் பிரிவுக்கு 2017இல் இடைக்காலத் தடை விழுந்தது. காரணம் ஏறக்குறைய ஒன்றேதான்: சட்டப்படி கிடைத்த உண்மையான தகவலைப் பேசுவது பேச்சுரிமை. வெளியே போன பிறகு துரத்துவதைவிட, போகுமுன் தடுப்பதில் ஊழியர்கள் தங்கள் நேரத்தைச் செலவிடுவது புத்திசாலித்தனம்.

டேனியல் சட்டமும் இதே சோதனையைச் சந்தித்தது. சார்லி கிராட்டோவில் என்ற பத்திரிகையாளர், நியூ பிரன்ஸ்விக் நகரின் காவல் இயக்குநர் இரண்டு மணி நேரத்துக்கும் மேலான கார்ப் பயணத் தொலைவில் உள்ள கேப் மே என்ற ஊரில் வாக்காளராகப் பதிந்திருப்பதைக் கண்டுபிடித்தார். தகவல் கோரிக்கை போட்டு வாக்காளர் பதிவை வாங்கினார். தெருப் பெயரோடு முகவரியும் சேர்ந்தே வந்தது. நகர மன்றக் கூட்டத்தில் தெருப் பெயரைச் சொன்னார். முகவரியை வெளியிடக் கூடாது என்று டேனியல் சட்டத்தின்படி அவருக்கு அறிவிப்பு வந்தது. வழக்கு மாநில உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 ஜூனில் முடிந்தது. இயக்குநர் அத்தனை தூரத்தில் குடியிருக்கிறார் என்பது மக்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி, அதைக் கேப் மே என்ற ஊர்ப் பெயரோடு தாராளமாக எழுதலாம். அந்தச் செய்திக்குத் தெருவும் எண்ணும் தேவைப்படவில்லை என்பதே தீர்ப்பின் சாரம்.

இந்தப் பிரிப்பைத்தான் ஒவ்வொரு பதிவு அலுவலரும் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். ஊழியர் நகர எல்லைக்குள் குடியிருக்க வேண்டும் என்ற விதி இருந்தால், அவர் அதைக் கடைப்பிடிக்கிறாரா என்று மக்கள் பார்க்க முடிய வேண்டும். அதற்கு ஊரும் அஞ்சல் குறியீடும் போதும். ஆனால் அந்த வழக்கில் இன்னொன்றும் இருக்கிறது, அது எனக்கு உறுத்துகிறது: தெரு முகவரி அந்தப் பத்திரிகையாளர் கைக்கு வந்ததே ஓர் அரசு அலுவலகத்தின் மேசையிலிருந்து. அங்கே ஒரு வரியை மறைத்துக் கொடுத்திருந்தால் வழக்கே இல்லை.

முகவரி கேட்பவர்களில் தொழிற்சங்கம் தனி வகை. கூட்டாட்சி அளவில் அவர்களுக்குக் கிடைக்காதது கலிஃபோர்னியாவில் கிடைக்கும். அங்கே மாநில உச்ச நீதிமன்றம் 2013இல், சங்கத்தில் சேராத கவுண்டி ஊழியர்களின் முகவரியையும் சங்கம் பெறலாம் என்றது. பேரம் பேசுவது அவர்களுக்காகவும்தானே. பொதுமக்களுக்குக் கொடுப்பதும் சங்கத்துக்குக் கொடுப்பதும் வேறு வேறு வாசல். சங்கத்துக்குப் போன பட்டியல் பத்திரமாக இருக்கிறதா என்று கேட்க ஊழியருக்கு எல்லா நியாயமும் உண்டு.

வீடு மாறும்போது என்ன ஆகிறது என்பதைப் பெரும்பாலானவர்கள் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். பழைய வீட்டுக்குக் கொடுத்த மனு புது வீட்டின் பத்திரத்தை மறைக்காது. புதுப் பத்திரம் பதிவாகும் நாளிலேயே அது தேடலில் ஏறும். தனி மனிதர்களின் விவரங்களைத் தொகுத்து விற்கும் தரவுத் தரகர்கள் கவுண்டிக் கோப்புகளை மொத்தமாக வாங்குவதால் சில வாரத்தில் பல தளங்களுக்குப் பரவிவிடும். எனவே பத்திரத்தில் கையெழுத்துப் போடும் மேசையிலேயே, பதிவு அலுவலகத்துக்கும் சொத்து மதிப்பீட்டு அலுவலகத்துக்கும் உரிய மனுக்கள் நிரப்பித் தயாராக இருக்க வேண்டும். வாக்காளர் பதிவை மாற்றும் படிவம் அவற்றுக்குப் பிறகுதான்.